இடப்பக்க வரிசை ஒன்பது பேர்

உக்காருங்க, பையை எடுத்துக்கிறேன். பிள்ளையையும் உக்கார வைங்க, இங்க என் பக்கத்துல உக்காரட்டும். எச்.எம். சிஸ்டர் கோயிலுக்குப் போயிருக்காங்க. வர அரை மணி நேரம் ஆகும். செவ்வாய்க்கிழமை எப்பவும் அப்படித்தான். எனக்குத் தெரியும், நான் செவ்வாய்க்கிழமைதோறும் வர்றேன்.

அட்மிஷனா? எட்டாப்பா? நல்ல ஸ்கூலுங்க. யாரு என்ன சொன்னாலும் நல்ல ஸ்கூல். எம் பொண்ணு ஆறாப்புல இருந்து இங்கதான். இப்பப் பன்னெண்டு போறா. யோகஸ்ரீன்னு பேரு. அந்தச் சத்தம் கேக்குதுல்ல, கிரவுண்டுல? அதுல தம் தம்முன்னு ஒண்ணு கேக்குதே, அது பேஸ் டிரம். எம் பொண்ணு அடிக்கிறது. முதல்ல சைடு டிரம்தான் அடிச்சா. இப்ப இதைத் தூக்கிக் கட்டிக்கிட்டா. என்ன கனம் தெரியுமா அது. வேணாம்னு சொல்ல யாரும் இல்ல.

எட்டாப்புல இருந்துதான் பேண்டுல சேப்பாங்க. கேப்பாங்க, பாருங்க உங்களையும். சேத்து விடுங்க. நான் யோகஸ்ரீய சேத்தப்ப அவ அழுதா. ஹாக்கி விளையாடணும்னு சொன்னா. மட்டையத் தூக்கிக்கிட்டு வெயில்ல ஓடுறதெல்லாம் ஒரு விளையாட்டான்னு நான்தான் பேண்டுல சேத்தேன். இப்பப் பாருங்க, விட மாட்டேங்கிறா. என்னைய விட்டாலும் விடுவா, பேண்டை விட மாட்டா.

நீங்க இதெல்லாம் பாத்திருப்பீங்க, குடியரசு தினத்துக்குக் கிரவுண்டுல பிள்ளைங்க வெள்ளை டிரெஸ்ல, தொப்பியில சிவப்புக் குஞ்சம் வச்சு, தட தடன்னு அடிச்சுக்கிட்டு வரும்ல. பாக்குறவங்களுக்கு அது அஞ்சு நிமிஷம். அதுக்குப் பின்னால ரெண்டு மாசம் வேலை இருக்கு. முப்பத்தாறு ஜோடி கேன்வாஸ் ஷூவுக்கு வெள்ளை அடிக்கணும். முப்பத்தாறு ஜோடி கையுறை. சொட்டு நீலம் ஜாஸ்தியானாப் பழுப்பும் இல்லாம நீலமும் இல்லாம ஒரு நிறம் வரும், அப்புறம் பேண்டு மாஸ்டர் முகத்தைத் தூக்கி வச்சுக்குவார். மழை ஈரத்துல டிரம் தோல் தொய்ஞ்சுரும், வெயில்ல காட்டணும், ரொம்பக் காட்டினா விரிஞ்சுரும். பின்னல மடிச்சுக் கட்டணும், ஊக்கு, ஹேர்பின், பிள்ளைங்களுக்கு அந்த நாள் வந்துட்டா அதுக்கு வேண்டியது எல்லாம் ஒரு பையில. இதையெல்லாம் செய்யுறது அம்மாக்கள். பேண்டு அம்மாக்கள்னு சொல்லுவாங்க. ஆறு பேர் இருந்தோம்.

அதுல ஒருத்திதான் நான். நாலு வருஷம்.

என் வீட்டுக்காரர் நாக்பூர்ல முறுக்குக் கம்பெனி வச்சிருக்கார். தீபாவளிக்கு வருவார், போயிருவார். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷம். தெருவுல யோகஸ்ரீ அம்மான்னுதான் கூப்பிடுவாங்க, அதுக்கு முன்னால முறுக்குக் கம்பெனிக்காரர் சம்சாரம். பிலோமினாக்காதான் முதல் நாளே, "உன் பேரு என்னம்மா"ன்னு கேட்டாங்க. மங்கையர்க்கரசின்னேன். "அவ்வளவு நீளம் நமக்கு வாயில வராது, மங்கை போதும்"னாங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போயி கண்ணாடி முன்னால நின்னு மங்கைன்னு சொல்லிப் பாத்தேன். சிரிக்காதீங்க.

பிலோமினாக்காதான் எங்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. போஸ்ட் ஆபீஸ்ல வேலை. வீட்டுக்காரர் இறந்துட்டார், நாப்பத்தோரு வயசுல, பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டிருந்தவர் அப்படியே சாஞ்சு போயிட்டார், ஹார்ட்டு. ஒரே பொண்ணு ஜெனிட்டா. ஜெனின்னு கூப்பிடுவோம். யோகஸ்ரீயும் அவளும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் டப்பா. அவதான் பேஸ் டிரம். நல்ல ஓங்குதாங்கான பிள்ளை.

அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தாங்க. எந்த அம்மாவும் தன் பிள்ளை நிக்கிற வரிசையப் பாக்கக் கூடாது. மொத்தம் நாலு வரிசை, வரிசைக்கு ஒன்பது பேர். எம் பிள்ளை இடப்பக்க வரிசைன்னா நான் வலப்பக்கம் போகணும். "தன் பிள்ளை முன்னால நின்னா மத்த பிள்ளை கண்ணுக்குத் தெரியாது"ன்னு சொல்லுவாங்க. அவங்க பெரிசா யோசிக்கிறவங்க. சரிதான். ஆனா நீங்களே சொல்லுங்க, பெத்தவ தன் பிள்ளையப் பாக்காம ஊரான் பிள்ளைக்குத் தொப்பி மாட்டிக்கிட்டு நிக்கிறதுன்னா எப்படி இருக்கும்? மூணு வருஷம் நின்னேன். ஒரு வார்த்தை பேசலை.

இந்த வருஷம்தான். ஜனவரி இருவத்தாறு.

காலையில அஞ்சரைக்கெல்லாம் ஸ்கூல் பஸ்ல, கலெக்டர் கொடியேத்துற கிரவுண்டுக்குப் போயிட்டோம். பனி. ஏழு மணிக்கு மேல பாருங்க, சுள்ளுன்னு வெயில் ஏறிருச்சு. பிள்ளைங்க ஒண்ணும் சாப்பிடாதுங்க. தண்ணி கூடக் குடிக்காதுங்க. ஏன்னா அங்க பாத்ரூம் ரொம்பத் தூரம், வெள்ளை டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டுப் போக முடியாது. அதனால முந்தின நாள் ராத்திரி சாப்பிட்டதோட நிக்குங்க. அது மாஸ்டருக்கும் தெரியும், சிஸ்டருக்கும் தெரியும். அதுக்குத்தான் எங்களை வச்சிருக்கு. கலெக்டர் வர்றதுக்கு முன்னால மாஸ்டர் ஒரு விசில் அடிப்பார். அம்மாக்கள் உள்ள போகலாம். ஆளுக்கொரு வரிசை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு மடக்கு குளுக்கோஸ் தண்ணி, நாலு ஆரஞ்சுச் சுளை. ரெண்டாவது விசில் அடிச்சா வெளிய வந்துறணும். நடுவுல பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷம்தான் எங்க வேலையில உசுரான வேலை.

அன்னைக்கு யோகஸ்ரீக்கு வயித்து வலி. அவ இல்லேன்னுதான் சொன்னா. "வலிக்கலைம்மா, நீ சும்மா இரும்மா"ன்னா. பெத்தவளுக்குத் தெரியாதா? நான் பிலோமினாக்கா கிட்ட போயி, "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் நான் இடப்பக்கம் போறேன், அங்க நிக்கிற நம்ம நஸீமாவை என் இடத்துக்கு அனுப்புங்க"ன்னேன். அக்கா யோசிச்சாங்க. சட்டம் போட்டவங்களாச்சே. அப்புறம், "சரி, ஒரு நாள்தானே. ஜெனியும் அந்த வரிசைதான். நேத்து ராத்திரியே சரியாச் சாப்பிடலை அவ, பாத்துக்க"ன்னாங்க. "எம் பிள்ளை மாதிரி பாத்துக்கிறேன்க்கா"ன்னேன். அப்படித்தான் சொன்னேன். அந்த வார்த்தையத்தான் இப்ப எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க.

முதல் விசில் அடிச்சுது. போனேன். யோகஸ்ரீ மூணாவது ஆளு. அவளுக்கு முன்னால ரெண்டு பிள்ளைங்க, குடுத்தேன். குடுக்கலைன்னு யாரும் சொல்ல முடியாது. யோகஸ்ரீ கிட்ட வந்தேன். கையுறையக் கழட்டிப் பாத்தா, கட்டை விரல்ல கொப்புளம் உடைஞ்சிருக்கு. குச்சி பிடிச்சுப் பிடிச்சு. பிளாஸ்டர் ஒட்டினேன். தொப்பி நாடா காதுல மாட்டியிருந்துச்சு, அதை அவுத்துக் கட்டினேன். காலர் மடங்கியிருந்துச்சு. முகத்துல எண்ணெய் வழியுது, கைக்குட்டையில துடைச்சு லேசாப் பவுடர் வச்சேன். "அம்மா, போம்மா, மத்தவங்களுக்குக் குடும்மா"ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா. அவளுக்கு ஆறு சுளை குடுத்தேன். அப்புறம் ஒரு போட்டோ எடுத்தேன். அவங்கப்பாவுக்கு அனுப்பணும்ல, ஒரு வருஷமாவது நேர்ல வந்து பாத்திருக்காரா?

இருங்க, காட்டுறேன். இந்தா. எப்படி இருக்கா பாருங்க, ராணுவத்துக்காரி மாதிரி.

அது... ஆமா, இந்த ஓரத்துல தெரியுது ஒரு கை. வெள்ளைக் கையுறை போட்ட கை. அது ஜெனி. அடுத்தது அவதான் நின்னா. "ஆன்ட்டி, எனக்கு"ன்னு கை நீட்டினா. "இரு கண்ணு, வர்றேன்"னேன். வர்றேன்னுதான் சொன்னேன், தர மாட்டேன்னா சொன்னேன்? அதுக்குள்ள ரெண்டாவது விசில் அடிச்சுட்டாங்க. பத்து நிமிஷம்னு சொல்றாங்களே ஒழிய, அன்னைக்கு அது பத்து நிமிஷமே இல்ல. எட்டு கூட இருக்காது. அவங்கப்பாவுக்கு அனுப்புறப்ப அந்தக் கையை வெட்டிட்டுத்தான் அனுப்பினேன். படத்துக்கு நல்லா இல்ல.

ஆறு பிள்ளைங்களுக்குக் குடுக்கலை. ஒத்துக்கிறேன். மத்த அஞ்சும் நல்லாத்தானே நின்னுச்சுங்க?

அணிவகுப்பு ஆரம்பிச்சுது. மேடைக்கு நேரா வர்றப்ப வலப்பக்கம் திரும்பணும். திரும்புற நேரத்துக்கு அந்தப் பெரிய டிரம் சத்தம் நின்னு போச்சு. நான் முதல்ல யோகஸ்ரீயப் பாத்தேன். அவ நல்லா இருந்தா. அப்புறம்தான் பாத்தேன், ஜெனி டிரம்மோட குப்புற விழுந்து கிடக்கா. இடது கை டிரம்முக்கு அடியில. பின்னால வர்ற பிள்ளைங்க அவளைச் சுத்திக்கிட்டு அடிச்சுக்கிட்டே போகுதுங்க, நிக்கக் கூடாதுன்னு மாஸ்டர் பழக்கியிருக்கார். எம் பொண்ணு மட்டும் நின்னுட்டா. குச்சியக் கீழ போட்டுட்டு ஜெனி தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. அத்தனை கூட்டத்துக்கு முன்னால.

ஆம்புலன்ஸ் அங்கேயே நின்னுச்சு. ஏத்துறப்ப பிலோமினாக்கா ஓடி வந்தாங்க. என் கையப் பிடிச்சு, "மங்கை, ஜெனிக்குக் குடுத்தியா?"ன்னாங்க.

குடுத்தேன்னு சொன்னேன்.

என்னங்க சொல்ல முடியும் அந்த நேரத்துல? அவங்க மூஞ்சியப் பாத்திருந்தா நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க. அவங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னது. யோகஸ்ரீ பக்கத்துல நின்னா. என்னைய ஒரு பார்வை பாத்தா. 

ஆஸ்பத்திரியில டாக்டரும் அதைத்தான் கேட்டார். வெறும் வயித்துல நின்னாளான்னு. அக்கா சொன்னாங்க, இல்ல டாக்டர், குளுக்கோஸ் குடுத்தாங்க, ஆரஞ்சு குடுத்தாங்க, அப்புறமும் விழுந்துட்டான்னு. ஜெனிக்கு அன்னைக்குக் காலையில நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல. அப்பாவுக்கு என்னன்னு கேட்டார். ஹார்ட்டுன்னாங்க. டாக்டர் முகம் மாறிப் போச்சு. சாப்பிட்ட பிள்ளை சும்மா விழாது, இது பரம்பரையா வர்றதா இருக்கலாம், பாத்துரணும்னார். மணிக்கட்டு உடைஞ்சிருந்துச்சு, அதுக்குக் கட்டுப் போட்டுட்டு, மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. அங்க நெஞ்சுல வயரெல்லாம் ஒட்டி, ஒரு நாள் பூரா பொட்டி மாதிரி ஒண்ணைக் கட்டி விட்டு, ஸ்கேன் எடுத்து... ஒண்ணும் தெரியலைன்னா விட மாட்டாங்களே. இன்னும் ஒண்ணு பாக்கணும், இன்னும் ஒண்ணு பாக்கணும்.

நாலு நாள்.

அந்த நாலு நாளும் பிலோமினாக்காவுக்குச் சோறு கொண்டு போனது யாரு? நான். திண்டுக்கல்ல இருந்து காலையில பஸ் ஏறி, தூக்குச் சட்டியில ரசஞ்சோறு, பருப்புத் தொவையல். அக்கா சாப்பிட மாட்டாங்க. நான்தான் பிசைஞ்சு கையில உருட்டிக் குடுப்பேன். என் தோள்ல சாஞ்சுக்கிட்டு, "அவரு போன மாதிரியே இவளும் போயிருவாளா மங்கை"ன்னு கேப்பாங்க. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா, எனக்குத் தெரியும்"னு சொல்லுவேன். உண்மையிலயே எனக்குத் தெரியும்ல, அதனால அழுத்தமாச் சொன்னேன். எனக்கும் சோறு இறங்கலைங்க. சொல்லிரணும்னுதான் தினம் போவேன். பஸ்ல போறப்ப வார்த்தையெல்லாம் சேத்து வச்சுக்குவேன். அங்க போனா அக்கா என் கையப் பிடிச்சுக்குவாங்க. பிடிச்ச கையை எப்படி விட வைக்கிறது? அதுவரைக்கும் என் கைய அப்படி யாரும் பிடிச்சதில்ல. இதை யாரும் யோசிக்க மாட்டேங்கிறாங்க.

அஞ்சாம் நாள் யோகஸ்ரீயும் வர்றேன்னா. கூட்டிட்டுப் போனேன். வார்டுக்குள்ள நுழைஞ்சதும் நேரா அக்கா முன்னால போயி நின்னா. "ஆன்ட்டி, ஜெனிக்கு அம்மா ஒண்ணும் குடுக்கலை. ஜெனி கேட்டா. அம்மா எனக்குப் பவுடர் போட்டுக்கிட்டிருந்தாங்க. ஜெனி முந்தின நாள் மத்தியானத்துல இருந்து பட்டினி"ன்னு, மனப்பாடம் பண்ணின மாதிரி, நிறுத்தாமச் சொன்னா. ஜெனி விழுந்த அன்னைக்கே எங்கிட்ட கேட்டா, "நீ சொல்றியா, நான் சொல்லவா"ன்னு. நாளைக்குச் சொல்றேன், நாளைக்குச் சொல்றேன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். பெத்த பிள்ளை சாட்சி சொல்லுச்சுங்க. ஆறாயிரம் சனத்துக்கு முன்னால விழுந்தவளுக்குக் கூட அவ்வளவு வெக்கம் இருந்திருக்காது.

அக்கா கோவப்படலை. கத்தியிருந்தா நான் தாங்கியிருப்பேன். டாக்டரைக் கூப்பிட்டு விவரத்தைச் சொன்னாங்க. வயரையெல்லாம் எடுத்தாங்க. சாயந்திரமே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஜெனிக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்ல. பாருங்க, நல்ல சேதிதானே. நான் சொன்னது போலத்தானே ஆச்சு.

ஒரு வாரம் கழிச்சு அவங்க வீட்டுக்குப் போனேன். வாசல்லயே நின்னுதான் பேசினாங்க. "குடுக்க மறந்தது எனக்குப் பெரிசில்ல, மங்கை. எனக்கும் மறந்திருக்கும். நாலு நாள் உன் கையால சோறு ஊட்டினியே, அப்ப நான் கேட்டதெல்லாம் உன் காதுல விழுந்துச்சுல்ல?" அவ்வளவுதான். கதவைச் சாத்தலை. அவங்க பாட்டுக்கு உள்ள போயிட்டாங்க. நான் கொஞ்ச நேரம் திறந்த வாசல்ல நின்னுட்டு வந்துட்டேன்.

அதுக்கப்புறம் எல்லாம் மளமளன்னு நடந்துச்சு. வாட்ஸ்அப் குரூப்புல இருந்து என்னைய எடுத்துட்டாங்க. யோகஸ்ரீ வீட்டுல பேச மாட்டா. சோறு போட்டா சாப்பிடுவா, தட்டைக் கழுவி வைப்பா. பரீட்சை முடிஞ்ச மறுநாள் பெட்டியோட நிக்கிறா. ஹாஸ்டல்ல சேந்துட்டாளாம். அவங்கப்பா போன்லயே சரின்னுட்டாராம். எங்க வீடு எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? இந்தா, இந்தச் சுவருக்கு அங்கிட்டு ரெண்டாவது தெரு. பிராக்டீஸ் சத்தம் வீட்டுக்குக் கேக்கும். கொல்லைப்பக்கம் நின்னுக்கிட்டு அந்தத் தம் தம் சத்தத்தைக் கேப்பேன். ஜெனி கை கூடின பிறகும் அதைத் தூக்க முடியாதுன்னு இவ எடுத்துக்கிட்டா. ஞாயித்துக்கிழமை பாக்க வந்தா, விசிட்டர் ரூமுக்கு வர மாட்டா. தலைவலின்னு சொல்லி அனுப்புவா. பத்து ஞாயிறு ஆச்சு, பத்து தலைவலி.

நான் சிஸ்டர் கிட்ட கேட்டேன். எல்லாம் பிலோமினாக்கா சொல்லித்தான் பண்றீங்களான்னு நேராவே கேட்டேன். சிஸ்டர் மேசையில இருந்து ஒரு தாளை எடுத்துக் குடுத்தாங்க. இந்தா, பையிலயே வச்சிருக்கேன். ஜெராக்ஸ்தான். படிக்கிறேன் கேளுங்க. "மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு. நான் பேண்டில் தொடர விரும்புகிறேன். என் அம்மா இனி பேண்டு வேலைக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வந்தால் நான் விலகிக்கொள்கிறேன். நான் விடுதியில் தங்கிப் படிக்க அனுமதி வேண்டுகிறேன்." கீழ கையெழுத்து. எழுத்து அவ எழுத்துதான், 'ழ'வுக்கு அவ போடுற சுழி எனக்குத் தெரியாதா? ஆனா வார்த்தை அவ வார்த்தை இல்லைங்க. யாரோ சொல்லிக் குடுத்து எழுதினது. 'அவர்'னு எழுதியிருக்கா பாருங்க. எம் பொண்ணு என்னைய அவர்னு சொல்லுவாளா?

அதான் வர்றேன். வீட்டுல மூணு ரூம். ரெண்டு மாசமா ஒரு ரூம்லதான் லைட் எரியுது. பெரிசா ஒண்ணும் கேக்கலை சிஸ்டர் கிட்ட. கிரவுண்டுக்கு வரலை. வரிசை வேணாம். பிள்ளைங்க கண்ணுல படவே மாட்டேன். ஷூவை மட்டும் வீட்டுக்கு அனுப்புங்க, வெள்ளை அடிச்சுக் குடுக்கிறேன்னு கேக்கிறேன். முப்பத்தாறு ஜோடியும் நான் ஒருத்தியே அடிப்பேன். போன செவ்வாய்க்கிழமை சிஸ்டர், "வாரா வாரம் வந்து உக்காராதீங்கம்மா, பொண்ணுக்குத்தான் கஷ்டம்"னாங்க. அவளுக்கு என்ன கஷ்டம்? அவளுக்காகத்தானே நான் உக்காந்திருக்கேன்.

உங்க கையில இருக்கிற ஃபாரத்தைக் கொஞ்சம் குடுங்க. கடைசிப் பக்கத்துல பாருங்க, இந்தக் கட்டம். பள்ளி நிகழ்ச்சிகளில் உதவ விருப்பமுள்ள பெற்றோர் அல்லது உறவினர்னு இருக்கா? நீங்க வேலைக்குப் போறவங்க மாதிரி தெரியுது. உங்களுக்கு எங்க நேரம் இருக்கப் போகுது. பிள்ளையப் பேண்டுல சேத்து விடுங்க. இதுல என் பேரைப் போடுங்க. உறவுன்னு கேட்டிருக்கிற இடத்துல பெரியம்மான்னு போடுங்க. யாரு வந்து விசாரிக்கப் போறாங்க? நான் நிப்பேங்க உங்க பிள்ளைக்கு. ஒரு வாய் தண்ணி குறையாமப் பாத்துக்குவேன். யோகஸ்ரீ வரிசையா இருந்தாக்கூட அவ பக்கம் திரும்ப மாட்டேன், சத்தியமா. எம் பிள்ளை மாதிரி பாத்துக்குவேன்.

மங்கையர்க்கரசி. எழுதுங்க. அவ்வளவு நீளம் வேணாம்னா, மங்கைன்னு போட்டாலும் போதும்.

என்னங்க, பேனா இல்லையா? எங்கிட்ட இருக்கு.

பிள்ளைய ஏன் எழுப்பி அந்தப் பக்கம் உக்கார வைக்கிறீங்க? வெயில் அங்கதாங்க அடிக்குது.